இஸ்திரிப் பெட்டி மேல் போட்ட பழி

காலை எட்டரை மணிக்கு, தட்டில் மூன்றாவது இட்லி விழும் நேரத்தில், சென்னியப்பனுக்குப் போன் வந்தது. பாலக்காட்டு ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருப்பவர் பேசினார். தோளில் ஒரு பெரிய பை, கையில் ஒரு கேமராப் பெட்டியோடு ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்கி, மயிலாத்தாள் காம்ப்ளெக்ஸ் எது என்று கேட்டுவிட்டு, கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறாராம். அவ்வளவுதான் சேதி. இட்லி தட்டிலேயே கிடந்தது. மனுசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதிக்கு இது ஒன்றும் புதிதில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊர் அல்லவா? பிளாஸ்டிக் பை பார்க்க ஒரு ஜீப், தராசு பார்க்க ஒரு ஜீப், லைசென்ஸ் பார்க்க ஒரு ஜீப் என்று வந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது கடைவீதிக்குள் நுழைவதற்குள் பத்துப் போன் பறந்துவிடும். ஜீப் வந்து நிற்கும்போது எல்லாக் கடையும் பெண் பார்க்க வந்த வீடு மாதிரி சுத்தமாக இருக்கும். வந்தவர் எதற்கு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் மறைத்துவிட வேண்டும், விசாரிப்பதெல்லாம் அப்புறம். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

ஆனால் அன்றைக்கு வந்தவர் யாரையும் பிடிக்க வரவில்லை. சென்னியப்பனே கையெழுத்துப் போட்டு வரவழைத்த ஆள் அவர். அந்தக் கூத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மனைவியின் பேரில் கட்டிய அந்த மயிலாத்தாள் காம்ப்ளெக்ஸ் பேருக்குத்தான் காம்ப்ளெக்ஸ். கீழே தாவூத்தின் பேக்கரி. மேலே, தகரக் கூரைக்கடியில், ரஸியாவின் தையல் யூனிட். ஆறு மெஷின், ஆறு பெண்கள், பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பதுதான் வேலை. ஆறு பேரும் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக மாடிக்கே வந்து பையைப் போட்டுவிட்டு விளையாடப் போகும்.

இந்த யூனிட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. கரண்டு பில் ஏறிக்கொண்டே போனது. ரஸியா ஒரு லைட்டைக் குறைத்தாள், அப்புறம் இன்னொன்றைக் குறைத்தாள், கடைசியில் ஃபேனையே நிறுத்தினாள். மேட மாதம் என்னும் சித்திரை வெயிலில் தகரத்துக்கடியில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து தைப்பது என்றால் என்னவென்று தைத்தவர்களைக் கேட்டால் தெரியும். அப்படியும் பில் இறங்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் அவள் ஒரு சேதி கேட்டு வந்தாள். தனியார் கடைக் கட்டடங்களில் கரண்டு எங்கே வீணாகிறது என்று ஆள் வைத்துச் சோதித்துப் பார்க்கலாமாம், அதற்கு எனர்ஜி ஆடிட் என்று பேராம், செலவில் பெரும்பங்கு சர்க்கார் மானியமாகத் தருமாம். ஆனால் விண்ணப்பப் பாரத்தில் கட்டடத்துச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். பாரத்தைக் கொண்டுவந்து சென்னியப்பன் முன்னால் நீட்டினாள். இதிலும் வழி பிறக்காவிட்டால் மாசக் கடைசியில் பொள்ளாச்சிக்குப் போய்விடுவதாகவும், அங்கே ஒரு ரூம் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். ஆறு பேரில் நாலு பேரால் தினமும் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போக முடியாது என்பதையும் சொன்னாள்.

சென்னியப்பன் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார். சர்க்கார் ஆபீசில் கொடுத்த பாரம் என்றைக்கு அசைந்திருக்கிறது என்ற தைரியம்தான். பாழாய்ப்போன பாரம் மூன்றே வாரத்தில் அசைந்துவிட்டது. ஜோமோன் என்று ஒருத்தர் போன் செய்து, செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி சென்னியப்பனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காரணம் ஒரு ஒயர். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு மழையில், அவர் மீட்டரிலிருந்து போர்வெல் மோட்டாருக்குப் போகும் ஒயர் கருகிவிட்டது. வந்த எலக்ட்ரீசியன், புது ஒயர் வரும்வரை மாடி மீட்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன் என்றான். ஒரு வாரம்தானே என்று இவரும் தலையாட்டினார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. மோட்டார் விடிகாலையில் ஓடும், கடை சாத்திய பிறகு ஓடும். தையல்காரப் பெண்கள் வருவது ஒன்பது மணிக்கு, அவர்களுக்கு எப்படித் தெரியும்? நிஜமாகவே சென்னியப்பன் முதலில் மறந்துதான் போனார். ரஸியா பில்லைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தபோது ஞாபகம் வந்தது. அதற்குள் ரெண்டு வருசம் ஓடியிருந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது என்று வாயை மூடிக்கொண்டார்.

ஆக, ஆடிட் புதன்கிழமை என்று ரஸியாவிடம் ஒரு பொய். செவ்வாய்க்கிழமை அவளும் ஆறு பெண்களும் யூனிட்டைச் சாத்தி, சாவியை மயிலாத்தாளிடம் கொடுத்துவிட்டு, பஸ் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார்கள். அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

போன் வந்த அரைமணி நேரத்தில் சென்னியப்பன் செய்த வேலை இருக்கிறதே, கட்டடம் கட்டும்போதுகூட அவ்வளவு ஓடியிருக்க மாட்டார். மோட்டார் ஒயரை மாடி லைனிலிருந்து பிடுங்கிச் சுருட்டினார். தாவூத்திடம் பழைய ஃப்ரீசரை மறைக்கச் சொன்னார். எதற்கு என்று தாவூத் கேட்கவில்லை. ஆபீசர் வருகிறார் என்றதுமே மெத்தை விரிப்பைப் போர்த்தி, மேலே பிஸ்கட் டின்னை அடுக்கி, ஃப்ரீசரைக் கட்டிலாக்கிவிட்டார். லைட்டெல்லாம் அணைந்தது. பேக்கரி இருட்டில் வியாபாரம் செய்தது.

ஜோமோன் இடுக்கிப் பக்கத்து ஆள். மூணாறில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வந்தது, நடுவில் மலையாளமும் எட்டிப் பார்த்தது. சென்னியப்பன் முதலில் இளநீர் கொடுத்தார். பிறகு ஒரு சாக்குத் தேங்காயைக் காட்டி, பஸ்ஸில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டார். ஜோமோன் இளநீரைக் குடித்துவிட்டு, சாக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கு சார் பேடி? பயப்பட ஒண்ணுமில்ல. நான் பைன் போட வந்த ஆளில்ல" என்றார்.

அதைச் சென்னியப்பன் நம்பியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பைன் போட வந்தவர்களும் முதலில் அப்படித்தானே பேசுவார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஜோமோன் ஒயரைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். சூட்டை நிறமாகக் காட்டும் கேமராவை வைத்துச் சுவரைப் பார்த்தார். மாடிக்கு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். கையில் இருந்த பழைய பில்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தையல் மெஷினும் நாலு ஃபேனும் இருக்கிற இடத்துக்கு இத்தனை யூனிட் எப்படி ஓடும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கரண்டு எங்கே போகிறது என்று நேராகவே கேட்டுவிட்டார்.

சென்னியப்பன் என்னவோ வாயில் வந்ததைச் சொன்னார். "பொம்பளைப் புள்ளைங்க பாருங்க. இஸ்திரிப் பெட்டியப் போட்டா ஆஃப் பண்ண மறந்துபோடுவாங்க."

காப்பி கொண்டுவந்த மயிலாத்தாள் புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். ஜோமோன் பாவம், சொன்னதை எழுதிக்கொண்டார். மற்றபடி கட்டடத்தில் குறை ஒன்றும் கண்ணில் படவில்லை, செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை, மாடியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கவனம் போதும் என்றார். சென்னியப்பனுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

ஜோமோன் பையைத் தோளில் மாட்டும்போது பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. ரஸியாவும் ஆறு பெண்களும் இறங்கினார்கள். ஆடிட் இன்றைக்கே நடந்துவிட்டது என்று தெரிந்ததும் ரஸியா சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். தேதி மாறிப்போச்சு அம்மிணி என்று அவர் முனகினார். ஜோமோன் நல்ல மனசோடு, இஸ்திரிப் பெட்டி விசயத்தை அவர்களிடமே எடுத்துச் சொன்னார். கவனமாக இருந்தால் பில் தானாகக் குறையும், இடம் மாற வேண்டியதில்லை என்றார்.

"நாங்க ஃபேனே போடறதில்லைங்க" என்றாள் ரஸியா. "பில்லுக்குப் பயந்து வேர்வையிலயே தைக்கிறோம். எங்களைப் போயிச் சொல்றீங்களே."

அந்த ஆறு பேரில் இஸ்திரி போடுவது முருகேஸ்வரியின் வேலை. எல்லாருடைய கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. வேர்க்குரு பழுத்த கழுத்தை அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு அழுதுவிட்டாள்.

"நாந்தான் மறந்திருப்பனாட்ட இருக்குதுக்கா. சின்னவனுக்குக் காச்சல் வந்தப்ப எனக்குப் புத்தி ஒரு பக்கம் இல்லீங்க. என்னால எல்லாரும் பொழப்பக் கெடுத்துக்க வேண்டாம். நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்."

ரஸியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சென்னியப்பன் கெட்ட மனுசர் இல்லை. தன் தப்பை இன்னொருத்தி சுமந்துகொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. அவள் செய்யவே இல்லை. அவள் செய்யவில்லை என்பது அந்த இடத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"அழுகாத அம்மிணி" என்றார். "இஸ்திரிப் பெட்டி ஒண்ணும் பண்ணுலெ. என்ற மோட்டாரு மூணு வருசமா உங்க மீட்டர்லதான் ஓடுது. இன்னிக்குக் காலைலதான் ஒயரைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சேன்."

மயிலாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ரஸியாவின் முகம் சிவந்தது. மூன்று வருசம் என்று ஒரு தரம் சொன்னாள். ஃபேனை அணைக்கச் சொல்லி இந்தப் பிள்ளைகளை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன் என்று சொன்னாள். விடுவிடுவென்று மாடிக்கு ஏறினாள். நாலு ஃபேனும் ஒன்றாகச் சுற்றும் சத்தம் கீழே கேட்டது. பெண்கள் ஒவ்வொருத்தராக மேலே போனார்கள்.

ஜோமோன் கோபிக்கவில்லை. சிரித்தார். கணக்கு உதைக்கும்போது தன் மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனாராம். எழுதியதை அடித்துவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி ஓடவிடச் சொன்னார். தாவூத் வெட்கப்பட்டுக்கொண்டே கட்டிலை மறுபடி ஃப்ரீசராக்கினார். அப்புறம்தான் உண்மையான வேலை நடந்தது. ஃப்ரீசர் கதவில் ரப்பர் போய்க் குளிர் வெளியே ஓடுவது தெரிந்தது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடுவது தெரிந்தது. ஃபேன் இல்லாமல் தைத்த கதையைக் கேட்டதால் இந்தத் தடவை கூரைப் பக்கமும் கேமராவைத் திருப்பி, தகரம் எவ்வளவு சூட்டை உள்ளே இறக்குகிறது என்பதைச் செக்கச் செவேலென்று காட்டினார். வெள்ளைப் பூச்சும் உள்கூரையும் போட்டால் பாதி வெக்கை போய்விடும் என்று எழுதினார்.

மோட்டார் ஒயர் அன்றைக்கே சென்னியப்பன் மீட்டருக்கு மாறியது. மூன்று வருசத்து மோட்டார்ச் செலவு கழியும்வரை வாடகை வேண்டாம் என்று அவரே சொன்னார். மயிலாத்தாள் அதை எல்லார் முன்னாலும் ரெண்டாம் தரம் சொல்லவைத்தாள். கூரைக்கு வெள்ளையடிக்கும் வரைக்கும் அவள் புருசனோடு சரியாகப் பேசவில்லை. முருகேஸ்வரியிடம் அவர் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ரஸியா பொள்ளாச்சி ரூம்காரருக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். உங்களுக்காக இருக்கவில்லை அண்ணா, இந்தப் பிள்ளைகளுக்காக இருக்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அடுத்த பில் பாதியாக வந்த அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து முதல் தரம் சிரித்தாள்.

சேதி கடைவீதி முழுக்கப் பரவியது. ஜோமோன் அடுத்த மாதம் இன்னும் நாலு கட்டடத்துக்கு வருகிறார் என்றதும், அந்த நாலு சொந்தக்காரர்களும் சென்னியப்பனைத் தேடி வந்தார்கள். அனுபவப்பட்ட மனுசர், எதை எதை மறைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

சென்னியப்பன் அவர்களை மாடிக்குக் கூட்டிப்போனார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணையும் மறைக்காதீங்க" என்றார். "நம்ம கட்டடத்துக் குறைய நமக்கே காட்டிக் குடுக்கறதுக்கு சர்க்காரு காசு குடுத்து ஆள் அனுப்புது. உள்ளதை உள்ளபடி காட்டுங்க. நாம மறைச்சா, ஏமாந்து போறது வந்த ஆபீசரு இல்லீங்க. நம்மளை நம்பிக் குடியிருக்கறவங்க. செய்யாத தப்புக்கு அவங்க அழுவாங்க."