நான்காவது சிலிண்டர்

"மூணு சிலிண்டர்ல காத்து அடிச்சா புஸ்ஸுனு வெளிய வந்துருதுங்க. வால்வெல்லாம் பெண்டாயிப்போச்சு அம்மணி. இதைப் பிரிக்கறது வீண்வேலை."

"வால்வை அமுக்கற ராக்கரை லூசு பண்ணாமயேவா அடிச்சீங்க, மயில்சாமிண்ணா?" என்றாள் இனியா.

காற்றுக்குழாயோடு நின்ற மெக்கானிக் மயில்சாமி, அவள் தம்பி ஆல்வினைப் பார்த்தார். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

"செத்த வண்டிக்கு மூக்குல வெரல் வெச்சுப் பாக்கறயாக்கா? காயலான் கடை லாரி வாசல்ல நிக்குது. திங்கக்கெழம எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல ஏசில வந்து உக்காரு."

"ஏசில நீ உக்காரு கண்ணு. எனக்கு வெயில் பழகிப்போச்சு."

துடியலூரில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி என்று இனியா மாட்டியிருக்கும் பலகைதான் பெரிது. இருப்பதெல்லாம் அவள் பக்கமும் பிரேக், கிளட்ச் பொருத்திய இந்த ஒரு கிழட்டுக் கார். நேற்று அவளிடம் கற்றுக்கொள்ளும் ராசம்மாள் மேட்டில் ஏற்றும்போது டைமிங் கியரின் பற்கள் உதிர்ந்து இஞ்சின் நின்றது. "நாந்தான் கொன்னுபோட்டேன்" என்று அந்த ஐம்பது வயதுக்காரி ஸ்டியரிங்கை விடாமல் அழுதாள். வியாழக்கிழமை அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். அது தவறினால் வீட்டில் "ஓட்டினது போதும், உட்கார்" என்று விடுவார்கள். ஆல்வின் சொல்வதும் அதேதான், ஏசியைச் சேர்த்துச் சொல்கிறான்.

"கியர் போனதும் கேம் ஷாஃப்ட் நின்னுருச்சு. அது அமுக்கிட்டிருந்த வால்வெல்லாம் தொறந்தேதானுங்க இருக்கும்? தொறந்த கதவுல காத்து வந்தா, கதவு ஒடஞ்சதுன்னு அர்த்தமுங்களா? ராக்கரை லூசு பண்ணுனா எல்லாம் மூடிக்கும். அப்புறம் அடிங்க."

மயில்சாமி கழுத்தைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நாயந்தான். ஆனா ஒண்ணுங்க. கியரை லேத்துல வெட்டிக்கலாம், வால்வு இப்ப எங்கயும் கெடைக்கறதில்ல. ஒரு சிலிண்டருக்கு ஆகற பழைய சோடி ஒண்ணே ஒண்ணுதான் எங்கிட்டக் கெடக்குது. ரெண்டு சிலிண்டர் போயிருந்தா நீங்களே லாரில ஏத்திப்போடுங்க."

"செரிங்க."

ராக்கர்கள் தளர்ந்தன. முன்னால் கார்புரேட்டரில் மயில்சாமி காது வைத்தார். பின்னால் மண்டியிட்டு, சைலன்சர் வாயில் இனியா. வளைந்த வால்வு இருந்தால் காற்று இந்த இரண்டில் ஒன்றின் வழியேதான் கசியும்.

முதல் சிலிண்டர். சத்தமே இல்லை. இரண்டாவதும் அப்படியே. ஆல்வின் செல்போனைப் பைக்குள் போட்டான்.

மூன்றாவதில் சைலன்சர் குழாய் அவள் காதுக்குள் நீளமாக மூச்சு விட்டது.

"சொன்னேனில்ல?" என்றான் ஆல்வின். வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அவள் எழவில்லை. கன்னத்தில் கரி வட்டமாக ஒட்டியிருந்தது. மறுகாதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, குழாயோடு இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

"நாலாவதுக்கும் அடிங்கண்ணா."