மதராஸ் பையன் பாடவேண்டிய பாட்டு

“மதராஸ்காரங்க எல்லாரும் சாமி பாட்டு பாடுவீங்க, இல்ல?”

“எனக்கு ஒண்ணுகூடத் தெரியாதுங்க. தயவுசெஞ்சு உங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

கோபாலன் வந்து இறங்கிய வாரத்தில் பார்வதியோடு பேசிய பேச்சு அது. வணிகம் படிக்கும் மதராஸ் மாணவர்கள் சிலர், சர்க்கரை வியாபாரத்தை நேரில் பார்க்க இரண்டு மாதம் மொரீஷியஸ் வந்திருந்தார்கள். சேன் பியேர் என்ற ஊரில், சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலைபார்த்த வீரசாமியின் வீட்டில் கோபாலனுக்கு இடம். அடுத்த வருடம் இங்கிருந்து மாணவர்கள் அங்கே போவதாக ஏற்பாடு. வீரசாமியின் மகள் பார்வதியும் ரோஸ் ஹில்லில் வணிகம்தான் படித்தாள். மதராஸ் போகவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இதே ஆசையோடு இருந்த தோழி ஒருத்தியைப் பற்றி அப்பா, “பொம்பளப் பிள்ளையத் தனியா அனுப்புறதா? ஜமே, ஒருநாளும் இல்ல!” என்று சொன்ன பிறகு அவள் வாயே திறக்கவில்லை. கோபாலனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அவன் ஊருக்குக் கிளம்பும் வாரம், வெள்ளிக்கிழமைப் பூசையில் வீரசாமி எழுந்து, “நம்ம மதராஸ் பிள்ளை இப்போ பாடும்” என்று அறிவித்துவிட்டார். கோவிலே அவனைப் பார்த்தது. அவன் காதோரம் வியர்வை வழிந்தது. பெண்கள் பக்கமிருந்து பார்வதி சட்டென்று முருகன் பாட்டை எடுத்தாள். தமிழ் படிக்கத் தெரியாததால் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்து, பாதிக்கு மேல் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்த பாட்டு. கூட்டம் அவளோடு சேர்ந்துகொண்டது. கோபாலன் வெறுமனே உதட்டை அசைத்துச் சமாளித்தான்.

கரும்புக் காட்டோரம் வீடு திரும்பும்போது வீரசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா பார்வதி! முதல் வரிய உனக்கு விட்டுக்கொடுத்தாரே, என்ன பணிவு!”

கோபாலன் நின்றுவிட்டான். “ஐயா, எனக்குப் பாட்டே தெரியாதுங்க. இவங்கதான் என் மானத்தைக் காப்பாத்தினாங்க.”

வீரசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சிரிப்பில், கரும்பில் அடைந்திருந்த குருவிகள் கிளம்பிப் பறந்தன.

“அயோ! உதட்ட அசைச்சே என்னை ஏமாத்திட்டியே, திருட்டுப் பயலே!”

சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். அப்பாவின் மனம் இவ்வளவு இளகிப் பார்வதி பார்த்ததில்லை. கோபாலன் வேண்டுமென்றே பின்தங்கினான்; கேளுங்கள் என்று தலையை அசைத்தான். அவள் எட்டிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“பப்பா, அடுத்த வருஷம் மதராஸுக்கு என்னை அனுப்புங்க.”