இடது பக்கத்து மடக்கு இருக்கை

பஞ்சாலை முதலாளி வீட்டு லிமோசினில், இடது பக்கத்து மடக்கு இருக்கையோடு சேர்த்துச் சித்தியை மடக்கி வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. வண்டி இருபத்தோரு அடி நீளம். கடல் தாண்டி ஒரு தொழிற்சாலைக்கு, தையல்காரரிடம் சொல்வதுபோலக் குடும்பத்தின் அளவுகளை எழுதி அனுப்பிச் செய்து வாங்கியது. பின் இருக்கை முதலாளியின் இடுப்புக்கும் அவர் மனைவியின் முதுகுக்கும் பொருந்தும்படி சாம்பல் நிறக் கம்பளித் துணியில் அமைந்திருந்தது. டிரைவருக்குத் தோல் இருக்கை, அழுக்கானால் துடைத்துவிடலாம் என்பதால். நடுவில் கண்ணாடித் தடுப்பு, டிரைவரிடம் பேச ஒரு குழாய், தடுப்புக்குக் கீழே மரப்பலகைக்குள் மடங்கிக்கொள்ளும் இரண்டு சிறிய இருக்கைகள். அந்த இரண்டையும் முன்னோக்கி வைக்காமல் பின்னோக்கி வைக்கும்படி முதலாளி தனியாக எழுதியிருந்தார். அங்கே உட்காருகிறவர்கள் தன் முகத்தையும் மனைவி முகத்தையும் பார்த்தபடியே வந்தால், தாங்கள் வாய் திறந்து எதையும் கேட்க வேண்டியிருக்காது என்பது அவர் எண்ணம். அவற்றின் மெத்தையில் இரண்டு அங்குலம் குறைக்கவும் அவர்தான் எழுதினார்.

சித்தி என்பவள் முதலாளியின் மனைவிக்குத் தங்கை. அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறந்த பெண்ணுக்குக் குட்டிம்மா என்று செல்லப்பெயர் வைத்தவள் அவள்தான். குட்டிம்மா சித்தி என்று கூப்பிட, டிரைவரும் சமையல்காரரும்கூட அப்படியே கூப்பிட்டு, சொந்தப் பெயர் வீட்டில் வழக்கொழிந்தது. இடையில் பெற்றோர் இறந்துபோனதால் திரும்பிப் போக வேண்டிய வீடும் இல்லாமல் போயிற்று. ஒன்பது வருடம் அவள் இடது பக்கத்து மடக்கு இருக்கையில், மடியில் அக்காவின் கைப்பையோடு, பின்னோக்கி உட்கார்ந்தே எல்லா ஊர்களுக்கும் போனாள். மற்றவர்கள் கடந்துவிட்ட பிறகுதான் மரமோ பாலமோ அவள் கண்ணுக்கு வரும். வரப்போவது எதுவும் அவளுக்குத் தெரியாது, போனது மட்டும் தெரியும். முதல் வருடம் குமட்டியது. குமட்டலை விழுங்கப் பழகிக்கொண்டாள். அந்தப் பழக்கம் வேறு சிலவற்றை விழுங்கவும் உதவியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தார்கள். வாசலில் பெரிய மனிதர்கள் காத்திருந்தார்கள். மடக்கு இருக்கை விரிந்தே இருந்தால் புடவை மாட்டிக்கொள்ளும் என்பதால், இறங்கும்போது அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டி மூடிவிடுவது அக்காவின் வழக்கம். அன்று சித்தி இன்னும் இறங்கியிருக்கவில்லை, குட்டிம்மாவின் ஒற்றைச் செருப்பைத் தேடிக் குனிந்திருந்தாள். அக்கா வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே தட்டினாள். இருக்கை மடங்கிக் கொக்கி விழுந்தது. உள்ளே போனதும் சித்தி எங்கே என்று யாரோ கேட்க, குழந்தையோடு இருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை காலை, கல்யாணத்துக்குப் பின்னிய சடை கலைந்து, குட்டிம்மாவுக்குத் தலை பின்ன ஆளில்லாமல் போனபோதுதான் வீட்டில் தேடினார்கள். அதே நேரத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் இடது இருக்கையை விரிக்க, சித்தியும் சேர்ந்து விரிந்தாள். கையில் செருப்பு இருந்தது. "வந்துட்டோமா?" என்று கேட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். மடங்கிய நிலையில் நாலு அங்குலக் கனம், விரிந்த நிலையில் நாடி சரி, பசி இல்லை, தாகம் இல்லை என்று எழுதினார். தானாக எழுந்திருக்க முடியாது, ஆனால் யாராவது இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிட்டால் இறங்கிவிடுவாள், அரை நிமிட வேலை என்றார். மறுத்தவர் யாருமில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் அக்கா சொன்னாள். ஒரு வாரம் போனதும், அவளுக்கும் வசதியாத்தான் இருக்கு போல என்றாள். தேவைப்படும்போது விரித்தால் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள், தலை பின்னினாள், தைலம் தேய்த்தாள். மூடினால் சத்தமில்லை. அவளுடைய அறைக்குச் செருப்பு அலமாரி வந்தது. ஒரே ஒருமுறை டிரைவர் தைரியம் செய்து கை நீட்டினார். வீட்டுக்குள் போய்விட்டாள் என்று அவர் நினைத்திருந்த அக்கா பின் இருக்கையிலேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"டிரைவர், உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

"மூணும்மா."

டிரைவர் இருக்கையை மூடினார்.

குட்டிம்மா மட்டும் விளையாட்டுக்காக வந்து விரிப்பாள். பக்கத்தில் நின்று பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். நின்னுகிட்டே பேசாத, கால் வலிக்கும், உக்காரு என்று சித்தி சொல்வாள். குழந்தை போய்ப் பின் இருக்கையில் அம்மாவின் இடத்தில் கால் நீட்டி உட்காரும். ஒருநாள் அங்கிருந்து சொன்னாள், "நான் பெரியவளானதும் உன்னை எறக்கிவிட்டுடறேன் சித்தி. பிராமிஸ்."

"எப்பக் கண்ணு பெரியவளாவே?"

குட்டிம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துப் பதினெட்டு என்றாள். இன்னும் ஒன்பது வருடம். ஒன்பது வருடம் உட்கார்ந்து பழகியவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

மடங்கியிருக்கும் நேரம் சித்தியின் வயதில் சேரவில்லை. அந்த நாலு அங்குலத்துக்குள் இருட்டோ வெளிச்சமோ கிடையாது. ஒரு வேலை மட்டும் இருந்தது. இறங்குவதை அவள் உள்ளே ஒத்திகை பார்த்தாள். முதலில் வலது கால், படியில் ஒரு நொடி, பிறகு தரை, பிறகு புடவையை உதறுவது, பிறகு முன்னால் நடப்பது. முன்னால் நடந்தால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும் என்பதை நினைக்கும்போது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கோபம் வரவில்லை. கோபப்பட அங்கே இடம் போதவில்லை என்றே சொல்ல வேண்டும். பதினெட்டாவது பிறந்தநாளன்று குட்டிம்மாவே வந்து விரித்தாள். சித்தி இரண்டு கைகளையும் நீட்டினாள். குட்டிம்மா அதில் தன் புதுக் கைப்பையை வைத்துவிட்டுப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மறந்துபோய்ச் செய்தாளா என்று சித்தி அன்று முழுவதும் யோசித்தாள். மறந்திருந்தால் தேவலை என்று முடிவு செய்தாள். நாலு வருடம் கழித்துக் குட்டிம்மாவின் கல்யாணத்துக்கு வண்டியை அலங்கரித்தபோது, பூக்கூடையைப் பிடிப்பதற்காக விரிக்கப்பட்ட சித்தி மெதுவாக ஞாபகப்படுத்திப் பார்த்தாள். மணப்பெண் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தபடி, "இன்னைக்குப் போயா சித்தி?" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது.

பஞ்சாலை மூடியது, அத்தான் போனார், அக்கா போனாள். வண்டி ஷெட்டுக்குள் தள்ளப்பட்டு இருபத்திரண்டு வருடம் நின்றது. அத்தனை வருடத்தில் எலிகள் பின் இருக்கையின் கம்பளித் துணியைத் தின்றன. மடக்கு இருக்கைகளைத் திறக்க அவற்றுக்குத் தெரியவில்லை. குட்டிம்மாவுக்கு ஐம்பத்தேழு வயதானபோது, பழைய கார்களைச் சேர்க்கும் பல் டாக்டர் ஒருவர் வண்டியை வாங்க வந்தார். அசல் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. இடது இருக்கையை விரித்ததும், இருபத்தெட்டு வயதில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். டாக்டர் திரும்பிக் குட்டிம்மாவைப் பார்த்தார்.

"அது வண்டியோட வந்தது" என்றாள் குட்டிம்மா.

பல் டாக்டர் கெட்டவர் அல்ல. எதையும் பிடுங்குவதைவிட இருக்கிற இடத்திலேயே காப்பாற்றுவதுதான் முறை என்று தொழிலில் பழகியவர். சீட் தைப்பவரை வரவழைத்தார். அவர் சித்தியின் தோளுக்குப் பின்னால் கிழிந்திருந்த துணியைப் பழைய நூலாலேயே தைத்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல், "ஏம்மா, கையப் புடிச்சு எறக்கி விடட்டா?" என்று கேட்டார். அத்தனை காலத்தில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சித்தியின் கைகள் தாமாக எழுந்தன. பாதியில் நின்றன. வேறொருவர் இறக்கிவிட்டால், குட்டிம்மா வரும்போது அவள் சொன்ன சொல் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. சொல் பொய்யானால், அதை நம்பிக் காத்திருந்த வருடங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தோன்றியது. "வேண்டாங்க. கொழந்தை வரேன்னு சொல்லியிருக்கா" என்றாள். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

வருடந்தோறும் பழைய கார்களின் கண்காட்சி நடந்தது. நடுவர்கள் சித்தியைச் சுற்றி வந்து குறிப்பெடுத்தார்கள். அவள் அசல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இடது இருக்கையில் ஆள் இருக்கிறது, வலது இருக்கை காலி, ஜோடி பொருந்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் அரை மதிப்பெண் குறைத்தார்கள். பதினோரு வருடமும் வண்டிக்கு இரண்டாம் பரிசு. மாலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். காவலாளி வரிசையாக வந்து கதவு, மூடி, இருக்கை எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு போவார். தினமும் செய்கிற வேலை என்பதால் எதையும் பார்க்க மாட்டார்.

பன்னிரண்டாவது வருடம், நாலே முக்கால் மணிக்குக் குட்டிம்மா வந்தாள். அறுபத்தொன்பது வயது, முடியை அள்ளிச் செருகியிருந்தாள். கைப்பையைப் பிடித்திருந்த விதத்தில்தான் சித்திக்கு அடையாளம் தெரிந்தது. குட்டிம்மா வண்டிக்குள் தலையை நுழைத்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வா சித்தி. எறங்கு."

சித்தி அந்தக் கைகளைப் பார்த்தாள். புள்ளி விழுந்து, தோல் சுருங்கியிருந்தன. ஒத்திகையில் அவள் பிடித்த கைகள் வேறு.

"எறங்கி எங்கக் கண்ணு போறது? உன் வீட்டுக்கா?"

"என் வீடுன்னு ஒண்ணும் இல்ல சித்தி. பையன் வீடு. ஹால்ல ஓரமா ஒரு கட்டில் போட்டுக் குடுத்திருக்கான். மருமகளுக்கு நேரமில்ல, தலை வாரிவிடக்கூட ஆளில்ல. ராத்திரியில கால் குடையுது." குட்டிம்மா கள்ளமில்லாமல் சொன்னாள். "அப்பத்தான் உன் ஞாபகம் வந்துச்சு."

சித்தியின் வலது கால் எடுத்து வைக்கத் தயாராக இருந்தது. அதை அவள் திரும்ப இழுத்துக்கொண்டாள். வெளியே கம்பத்தில் இருந்த கடிகாரத்தில் ஐந்துக்கு ஐந்து நிமிடம். வரிசையின் கோடியில் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. சித்தி எட்டி, வலது பக்கத்துக் கொக்கியை விடுவித்தாள். எப்போதும் காலியாக இருந்த இருக்கை மெல்ல விரிந்தது.

"நின்னுகிட்டே பேசாத. கால் வலிக்கும். உக்காரு" என்றாள்.

குட்டிம்மா ஏறி உட்கார்ந்தாள். மெத்தை இவ்வளவு மெல்லிசா சித்தி என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் கைப்பையைச் சித்தியின் மடியில் வைத்தாள். எதிரே, எலி தின்று ஒட்டுப்போட்டிருந்த பின் இருக்கையில் யாரும் இல்லை. அதற்கும் பின்னால், சின்னக் கண்ணாடி வழியாக, அவள் நடந்துவந்த பாதை தெரிந்தது. அதை அவள் இதற்கு முன் இந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை. மணி அடித்தது. காவலாளி வந்து முதலில் வலது இருக்கையைச் சாத்தினார், பிறகு இடது.

அந்த வருடம் முதல் பரிசு கிடைத்தது. ஜோடி பொருந்தியிருக்கிறது, வலது பக்கம் சற்றுத் தேய்மானம் என்று நடுவர்கள் எழுதினார்கள். நாலாவது நாள் மகன் தேடிக்கொண்டு வந்தான். பல் டாக்டர் இரண்டு இருக்கைகளையும் விரித்துக் காட்டினார். குட்டிம்மா மகனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். மகன் இருக்கையை ஒருமுறை தட்டிப் பார்த்தான். அம்மாவுக்கு வசதியாத்தான் இருக்கு போல என்றான். கைப்பையில் வீட்டுச் சாவி இருந்ததால் அதை மட்டும் கேட்டான். சித்தி கைப்பையை அவனிடம் கொடுத்தாள். காலியான மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மூடுவதற்கு வசதியாக அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.