நீருக்கடியில் ஒருவன்

துடுப்பு ஒடிந்துவிடும் வேகத்தில் வலித்துக்கொண்டிருந்தான் அத்துமானி. முந்நூறு அடி தூரத்தில் அவன் மச்சான் சேஃபுவின் தோணி. சேஃபுவின் வாயில் சிகரெட். கையில், மீனைக் கொல்லத் திரி வைத்த வெடித்தோட்டா.

அவன் குறி வைத்திருந்த பவளப்பாறையருகேதான் மரேக் முங்கியிருந்தான். சேஃபுவுக்கு அது தெரியாது.

மரேக் போலந்துக்காரன். குடிசை வாடகையைக் கேட்டதும் கும்பிடு போட்டுவிட்டு, அத்துமானியின் தென்னந்தோப்பில் கிழிந்த கூடாரம் அடித்தவன். மூன்று வேளையும் சப்பாத்தி, பீன்ஸ். முந்தாநாள்தான் சொன்னான்: "எங்கம்மா முப்பது வருஷம் முன்னாடி இங்க வந்தாங்களாம். தண்ணியில நின்னாலே மீன் காலைக் கொத்துமாம்."

அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. பங்கானி ஊருக்கு வடக்கே இந்தக் கரையில் அன்று களவாய் மீனும் கிளிமீனும் புரண்டன. அவனும் சேஃபுவும் சேஃபுவின் தம்பி ஹமிசியும் ஒரே தோணியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். வலையை உதறினால் நாலு வீட்டுக் குழம்பு. பிறகு கல் உடைக்கிற இடத்திலிருந்து தோட்டா வந்தது. பாறை சுண்ணாம்பாய் வெளுத்தது. பாட்டும் நின்றது.

"வீசாதே மச்சான்!"

காற்று குரலைத் தின்றது. அத்துமானி தன் தோணியைக் கொண்டுபோய்ப் பாறைக்கு மேலேயே குறுக்கே நிறுத்தினான்.

"உபதேசம் பண்ண வந்துட்டியா? தள்ளுய்யா! உனக்கு வெள்ளைக்காரன் சோறு போடுவான். எனக்கு?"

"கீழ ஆள் இருக்கான்டா!"

"யாரு, அந்தக் கஞ்சப்பயலா? கதை விடாத."

தோணிக்குப் பக்கத்தில் தண்ணீர் கலைந்தது. மரேக்கின் தலை எழும்பி இருமியது. "மீனே இல்லையே!" என்றான் அப்பாவியாக.

சேஃபுவின் வாயிலிருந்த சிகரெட் கடலில் விழுந்தது. "சத்தியமா... எனக்குத் தெரியாது மச்சான்."

"தோட்டாவுக்கு மீனும் தெரியாது, மனுஷனும் தெரியாது. ஒரு நாள் குழம்புக்காக வீசுறோம். கடலும் செத்துப்போகுது, நம்ம வீட்டுப் பிள்ளையும் செத்துப்போகுது. 'தெரியாது'ன்னு சொன்னா ரெண்டுல எது திரும்பி வரும்?"

"நம்ம வீட்டுப் பிள்ளையா? யாரைச் சொல்ற?"

அத்துமானி துடுப்பைக் கீழே வைத்தான். பதினேழு வருடம் பூட்டி வைத்த வாயைத் திறந்தான்.

"ஹமிசிய."

"அவனை அலை அடிச்சுட்டுப் போச்சுன்னு நீதானே வந்து சொன்ன?"

"அலை இல்ல மச்சான். செத்த மீன் பொறுக்க அவன் முங்கியிருந்தான். ஏறிட்டான்னு நெனச்சு, ரெண்டாவது தோட்டாவை வீசினது நான்."