மிதிக்காத பிரேக்

அம்மா செய்யச் சொல்லியிருந்த வெள்ளிக் கார் ரேஸ் கார் மாதிரியே இல்லை. திண்டுக்கல்லில் அந்த வெள்ளிக்கடைக்காரரிடம் ஒரே ஒரு அச்சுதான் இருந்ததாம், அதுவும் அம்பாசிடர் அச்சு.

"நான் ஓட்டுறதுல நாலு சக்கரமும் வெளிய தெரியும்மா."

"அந்தோணியாருக்குப் புரியும்டா. நீ பேசாம வா."

நான் வெளிநாட்டில் கார் ஓட்டப் போனால் சிறுமலை அந்தோணியார் கோயிலுக்கு ஒரு வெள்ளிக் கார் வைப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். நான் போய் மூன்று வருடம் ஆகிறது. கார் பந்தயத்தில் பார்முலா ஃபோர் என்கிற படியில் இரண்டு வருடம், அதற்கு மேல்படியில் ஒரு வருடம், அடுத்த மாதம் அதற்கும் மேலே பார்முலா த்ரீ. இந்த முறை இரண்டு வாரம் லீவு கிடைத்ததும் அவள் விடுவதாக இல்லை. செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஜீப் ஹாரன் அடித்த பிறகுதான் யாருடைய வண்டியைச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வேறு வண்டி பிடித்திருப்பேன்.

ஃபயாஸ் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "என்ன மாப்ள, எளைச்சுட்ட?"

நாங்கள் இரண்டு பேரும் ஓட்டிய முதல் கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டியைச் செய்தவர் அவனுடைய அத்தா. பழனி ரோட்டில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய பைக் இன்ஜினை வெல்டிங் வைத்துச் சேர்த்து, வேடசந்தூரில் மூடிக்கிடந்த மில்லின் சிமெண்டுத் தரையில் எங்களை ஓட்டவிட்டார். அங்கிருந்து தேசிய கார்ட் போட்டி, பிறகு ஒற்றை சீட் கார், பிறகு ஒரே டீம். எல்லாவற்றிலும் அவன் என்னைவிட அரை விநாடி முன்னால் இருப்பான். சிரித்துக்கொண்டே இருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருடத்துக்கு முன் கோவையில் கடைசிப் பந்தயம். புள்ளிகளில் இருவரும் சமம். முன்னால் முடிப்பவனுக்கு வெளிநாட்டு டீமில் சீட். கொட்டுகிற மழையில் கடைசிச் சுற்றில் அவன் முன்னால் போனான். வளைவில் நான் பிரேக்கைத் தாமதமாக மிதித்தேன். வேண்டுமென்றேதான். மூடாத சக்கரத்தோடு சக்கரம் உரசினால் வண்டி மேலே எகிறிவிடும் என்று தெரிந்தேதான். அவன் கார் தூக்கி எறியப்பட்டு வேலியில் விழுந்தது.

விசாரணையில், "அவன் வளைவுக்கு முன்னாலேயே திடீர்னு பிரேக் அடிச்சுட்டான்," என்றேன். என் கேமராவில் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் காரில் இருந்த பதிவுக் கருவி நொறுங்கிவிட்டது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்த ஃபயாஸிடம் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல சார். ரொனால்டு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றிருக்கிறான். தப்பு அவன்மேல் எழுதப்பட்டது. கழுத்துப் பட்டையோடு என்னிடம் மன்னிப்பும் கேட்டான். நான் பெரிய மனதோடு மன்னித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை விட்டுவிட்டு, அம்மாவிடம் எரிந்து விழுந்ததைச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

ஜீப் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஃபயாஸ் வண்டியை முழுசாக நிறுத்தினான். ஹாரன் அடித்தான், எட்டிப் பார்த்தான், பிறகு முதல் கியரில் எடுத்தான். பின்னால் வந்த பஸ்காரர் பொறுமை இழந்து கத்திவிட்டுப் போனார். வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு ஒரு மொபெட்கூட எங்களை முந்தியது.

"கோவிச்சுக்காத மாப்ள," என்றான். "என் கால் எப்ப என்ன செய்யும்னு எனக்கே தெரியல. அன்னைக்கி மிதிச்சது நெனப்புல இல்ல பாரு, அதான் பயம். ஆள ஏத்துறதே இல்ல, வாழத்தார்தான். எங்க அத்தா நான் ஓட்டுற வண்டில ஏறி மூணு வருசமாச்சு. அம்மா கூப்ட்டதால வந்தேன்."

பின் சீட்டிலிருந்து அம்மா அவன் தோளைத் தட்டினாள். "பரவால்ல அப்பு, மெதுவாவே போ. அன்னைக்கி நடந்தத ரொனால்டு மனசுல வச்சுக்கல."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "வண்டிய ஓரங்கட்டு," என்றேன்.

ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்று சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை. "நீ பிரேக் அடிக்கல. நாந்தான் வந்து இடிச்சேன். பொய் சொன்னேன்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் மிதிக்கலயா?"

"மிதிக்கல."

"இன்னொருக்கா சொல்லு."

"நீ மிதிக்கலடா."

அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. மூன்று வருடமாக அவனிடமிருந்து நான் எடுத்துவைத்திருந்தது வெறும் சீட் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு பானெட்டின்மேல் வைத்தான். "அத்தா, ரொனால்டு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"ரொனால்டா?" பட்டறைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "நல்லாருக்கியா அப்பு? நீ ஊருக்கு வந்திருக்கன்னு சொன்னாக. ஒன் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுத்தான் வீட்டுப் பக்கம் வரல. எம்மவன் செஞ்சதுக்கு நான் ஒங்கிட்ட மன்னிப்பே கேக்கலயேப்பா..."

எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மா ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தாள். மடியில் வைத்திருந்த வெள்ளிக் காரைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லுடா," என்றாள்.

"மாமா," என்று ஆரம்பித்தேன்.