சஹனில் படாத கை

கந்தூரி விருந்தன்று காத்தான்குடியில் முகைதீன்பாவா மரைக்காரின் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். மரைக்கார் இருந்தார். மருமகன் ஆதம்லெவ்வை இருந்தான். ஏறாவூர்ப் பக்கீர், கப்பலின் சமையல்காரன். தன்னாமுனை அருமைநாயகம், கப்பற்பாய் இழுப்பவன். ஓட்டமாவடிக் கச்சி முகம்மது, மாலுமிகளுக்குத் தலைவனான சிராங்கு, பினாங்கிலிருந்தே கப்பலோடு வந்தவன். நபி புகழ்ப் பாடலான மவ்லூதை ஓத வந்த லெப்பை. நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்ட பென்ரோஸ் துரையும் துரைசானியும். திரைக்கு அப்பால் மரைக்காரின் மனைவி ஆமினா உம்மாவும் ஆதம்லெவ்வைக்குக் கட்டிக்கொடுத்த மகள் றஸீனாவும். வேறு ஒருவரும் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, மாசி மாதம். தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்ட பென்ரோஸ் துரை பினாங்கில் இரண்டு பாய்மரமுள்ள ஒரு கப்பலை வாங்கி மட்டக்களப்பு வாவிக்குள் கொண்டுவந்து கட்டியிருந்தார். அதில் மனைவியோடு ஏடன், சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், கோடை முழுவதும் தீவு தீவாகச் சுற்றுவது அவருடைய திட்டம். வியாபாரம் இல்லை, சரக்கு இல்லை, வெறும் உல்லாசம். துரைசானி அந்தத் தீவுகளின் வர்ணப் படமொன்றை எல்லோருக்கும் காட்டினாள். வெள்ளைச் சுவர்கள், அவற்றின் கீழே நீலச்சாயம் கரைத்து ஊற்றியதுபோல் கடல். உங்கள் வாவியைப் போலவே இளஞ்சூடான தண்ணீர் என்றாள்.

"எங்கட வாவியில முதலை கிடக்கு. அங்க என்ன கிடக்காம்?" என்று பக்கீர் மெல்லக் கேட்டான்.

"உன்ட சமையலத் திண்டு செத்த மீன் கிடக்கும்" என்றான் அருமைநாயகம்.

ஒரு வாரமாகக் கப்பலில் சாமான் ஏற்றினார்கள். தண்ணீர்ப் பீப்பாய்கள், அரிசி, தேசிக்காய் ஊறுகாய், கருவாடு ஒரு பக்கம். துரையின் தகரச் சாப்பாடுகள், கிராமபோன், கான்வஸ் நாற்காலிகள், வைக்கோல் சுற்றிய போத்தல்கள் இன்னொரு பக்கம். போத்தல்களை மரைக்கார் காணாதவர்போல் இருந்துவிட்டார். சிராங்கைத் தவிர மற்ற ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது அவர்தான். "என் வீட்டு ஆண் ஒருவன் உங்கள் கப்பலில் வருவான்" என்று துரையின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். இளமையில் மாலைதீவுக்கும் பர்மாவின் அக்கியாபுக்கும் பாய்க்கப்பலில் போனவர். அந்தக் குடும்பத்தில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கியவர் எவருமில்லை.

ஆதம்லெவ்வை ஒரு நாள், "மாமா, காலையிலயும் பின்னேரத்திலயும் கப்பலுக்குள்ள ஊறுற தண்ணிய இறைக்கிறம். குறையுதில்ல" என்று சொன்னான்.

"எல்லாக் கப்பலும் தண்ணி குடிக்கும் மகன். குடிக்காத கப்பல் கரையில கிடக்கும்" என்று அவர் முடித்துவிட்டார்.

புறப்படுவதற்கு முந்திய நாள் மத்தியானம் மரைக்கார் கந்தூரி கொடுத்தார். மவ்லூது ஓதி முடிந்தது. நெய்ச்சோறும் இறைச்சிக் குழம்பான ஆணமும் நிறைந்த சஹன், பலர் ஒன்றாய் உண்ணும் பெரிய தட்டு, பாயின் நடுவில் வந்தது. கடலுக்குப் போகும் நால்வரும் அதைச் சுற்றி அமர்ந்தார்கள். ஒரே சஹனில் கைவைத்தவர்கள் கரை திரும்பும்வரை ஒருவரையொருவர் கைவிடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அருமைநாயகம் வேதக்காரன், கிறிஸ்தவன்; ஆனாலும் பக்கீர் காட்டியபடி கைகழுவி மடித்து உட்கார்ந்தான்.

மூன்று கைகள் சோற்றில் இறங்கின. கச்சி முகம்மதுவின் கை அவனுடைய முழங்காலிலேயே இருந்தது.

"சிராங்கு, பிஸ்மி சொல்லித் தொடங்குங்க" என்றார் மரைக்கார்.

"எனக்கு வேணாம் மரைக்கார்."

"வயிறு சரியில்லையா?"

"வயிறு நல்லம். இந்தச் சஹனில கைவைக்க மாட்டன். மன்னிச்சுக்கோங்க."

லெப்பை நிலத்தைப் பார்த்தார். பக்கீரின் கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. வெள்ளைக்காரனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒருவன், மரைக்காரின் வீட்டுச் சோற்றைத் தள்ளுகிறான். மரைக்காருக்குக் காது மடல் சுட்டது.

"என்ட வூட்டுச் சோறு ஆகாத ஆளுக்கு என்ட மருமகனுக்கு மேல நிண்டு கட்டளை போட ஏலா. எழும்பு."

கச்சி முகம்மது எழுந்தான். ஆதம்லெவ்வையை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பின்வாசலால் போனான். மரைக்கார் துரையிடம் திரும்பி, அந்த ஆள் இனிக் கப்பலில் கூடாது, சிராங்கு வேலையை ஆதம்லெவ்வை பார்ப்பான் என்றார். துரை உடனே சம்மதித்தார். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. மரைக்கார் அதைத் தமக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

பின்னேரத்து அசர்த் தொழுகைக்குப் பிறகு ஆமினா உம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்க. அந்தச் சிராங்கு நம்மட சோத்தத் திண்டான்."

"என்ன பறையிறாய்?"

"விருந்துக்கு வந்த மனிசன் பசியோட போனா எனக்குத்தானே பழி? கிணத்தடியில வெச்சு வேற கோப்பையில குடுத்தன். அதே சோறு, அதே ஆணம். ஒரு பருக்கை மிச்சம் வெக்கல்ல. திண்டுபோட்டு, இந்த வூட்டு ஆம்புளையள அல்லாஹ் காப்பாத்தட்டும் எண்டு கையேந்தினான்."

மரைக்கார் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் நம்மட சோத்த வேணாமெண்டு சொல்லல்ல" என்றாள் ஆமினா உம்மா. "கடலுக்குப் போறவங்களோட சேர்ந்து தின்னத்தான் மாட்டனெண்டான். ஏனெண்டு நீங்க கேக்கல்ல."

அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுவண்டியைக் கட்டச் சொன்னார். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது கீழே வாவி அசைவில்லாமல் கிடந்தது. கோட்டைக்கு அருகில் துரையின் கப்பல் புதுவெள்ளைச் சாயத்தில் பளபளத்தது. அதன் விலாவிலிருந்து கயிறுபோல மெலிந்த ஒரு தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளே பம்பால் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

புகையிரத நிலையத்தில் கச்சி முகம்மது பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மரைக்காரைக் கண்டு எழுந்து நின்றான்.

"நான் ஒண்டு கேக்கிறன்" என்றார் மரைக்கார். "அந்தக் கப்பலுக்கு என்ன?"

"கேக்காதீங்க காக்கா. கப்பலப் பத்தி வாய் திறக்க மாட்டனெண்டு அத வித்தவனிட்ட குர்ஆனில கைவெச்சுச் சத்தியம் பண்ணினனான். அப்பிடிப் பண்ணித்தான் பினாங்கில ஏறினன். இல்லாட்டி அங்கயே கிடந்து செத்திருப்பன்."

"வாய் திறக்க ஏலாதெண்டு, சஹனில வெக்காத கையால சொன்னியா?"

கச்சி முகம்மது தலைகுனிந்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது.

"துரைக்குத் தெரியுமா?"

"துரை சாயத்த நம்புற மனிசன்."

"என்ட மருமகன அனுப்பலாமா? அத மட்டும் சொல்லு."

புகையிரதம் வந்து நின்றது. கச்சி முகம்மது பெட்டியைத் தூக்கினான். மரைக்காரின் வலக்கையை இரண்டு கையாலும் பற்றி, மையித்து கிடக்கும் சாவு வீட்டில் கொடுப்பதுபோல் ஸலாம் கொடுத்துவிட்டு ஏறிப் போனான். மரைக்காருக்கு அந்த ஸலாமே பதிலாக இருந்தது.

அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஒரு மணி நேரத்தில் மரைக்கார் கோட்டைத் துறையில் நின்றார். பெட்டி ஒன்று அவருடைய காலடியில் இருந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மருமகன் எங்கே?"

"அவன் வரமாட்டான். கப்பலைக் கரையில் இழுத்து அடிப்பலகையைக் காட்டுங்கள். பிறகு போகலாம்."

துரைசானி சிரித்தாள். துரை சிரிக்கவில்லை. காற்று மாறப்போகிறது, முகத்துவாரத்தில் மணல் ஏறுகிறது, இத்தாலியின் நேப்பிள்சில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். தோட்டத்தில் படித்த தமிழில், "மரைக்கார், நீ வாக்கு கொடுத்தது" என்றார்.

'நீ' என்ற சொல்லை மரைக்கார் பொறுத்துக்கொண்டார். கப்பலின் மேல்தட்டை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"பக்கீர், அருமைநாயகம், இறங்குங்க ரெண்டு பேரும். இந்தக் கப்பல் நல்லமில்ல. என்ன நோவெண்டு கேக்காதீங்க, எனக்கும் தெரியா. சிராங்கு ஏன் உங்களோட கைவைக்கல்லயெண்டு நேத்து எனக்கு விளங்கல்ல. இப்ப விளங்குது."

பக்கீர் முதலில் சிரித்தான். பிறகு மரைக்காரின் முகத்தைப் பார்த்தான். சட்டியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். சமைக்கிற கோக்கி போனால் போகட்டும், தகரச் சாப்பாடு போதும் என்றார் துரை. ஆனால் சிராங்கு இல்லாமல் கப்பல் நகராது.

"ஒரு ஆள் தாறன் எண்டன். தாறன்" என்று மரைக்கார் பெட்டியைத் தூக்கினார்.

அருமைநாயகம் பலகையின் நுனிக்கு ஓடிவந்தான். "மரைக்கார், என்னை இறங்கச் சொல்லிப்போட்டு நீங்க ஏறுறீங்களே!"

"நான் வாக்குக் குடுத்தவன்."

"நான் உங்கட சஹனில திண்டவன். இறங்க மாட்டன். வாங்க, பம்பை மாறி மாறிப் பிடிப்பம்."

அவர் அவனை மறுபடியும் இறங்கச் சொன்னார், திட்டியும் பார்த்தார். அவன் அவருடைய பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். கிராமபோன் பாடத் தொடங்கியது. பக்கீர் கரையில் நின்று, கப்பல் முகத்துவாரத்தின் வெள்ளை அலையைத் தாண்டும்வரை பார்த்தான். பின்பாயருகே சுக்கானைப் பிடித்தபடி மரைக்கார் நிமிர்ந்து நின்றார். கரைப்பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கப்பல் ஏடனுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆதம்லெவ்வை பயந்து பெண்டாட்டியின் பின்னால் ஒளித்தான், கிழவன் அவனுக்குப் பதிலாய்ப் போய்ச் செத்தான் என்று ஏறாவூரிலும் காத்தான்குடிச் சந்தையிலும் ஒரு கதை நடக்கிறது. அது பொய். ஆதம்லெவ்வை ஒளிக்கவில்லை. அன்று விடிய அவனை அறைக்குள் வைத்துப் பூட்டியவர் முகைதீன்பாவா மரைக்கார். பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கி, கப்பல் மறையும்வரை மடியில் வைத்திருந்தவள் றஸீனா. உள்ளேயிருந்து இடித்துக் கதவின் ஒரு பலகையை அவன் பிளந்துவிட்டான். அந்தக் கதவு இன்னும் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.