ஓங்கிய கை

எனக்கு நாய்களிடம் இருக்கும் பொறுமையில் கால்வாசிகூட மனிதர்களிடம் கிடையாது. புத்தூரில் இது எல்லோருக்கும் தெரியும். தெருவில் அடிபட்டு, பயந்து, கடிக்கப் பழகிய நாய்களைக் கூட்டிவந்து, அடிக்காமல் அதட்டாமல் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். அதனால் நகரியிலிருந்து வரலட்சுமி அக்கா போன் செய்து, "இந்தா பவ்யா, உன் நாய நீயே வந்து இட்டுக்கினு போ" என்றதும் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

நாயின் பெயர் மிச்சர். திருப்பதியில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் கிடைத்தவன். உடம்பில் எல்லா நிறமும் கலந்திருந்ததால் அந்தப் பெயர். முதுகில் பிரம்புத் தழும்பு இரண்டு. ஏற்கெனவே இரண்டு வீடுகள் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தன. மூன்றாவது வீடு அக்காவின் கணவர் பாலசுந்தரம் அண்ணனுடையது. வீட்டை ஒட்டிய கூடத்தில் நாலு பவர்லூம் தறி ஓட்டுகிறவர். மகளைச் சித்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சோடிப் போய்விட்டது என்று அவரே என்னைத் தேடி வந்து வாங்கிப் போனார்.

மறுநாளே நகரிக்குப் போனேன். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மூணு தபா பாஞ்சிட்டான். நேத்து அவரு மணிக்கட்டுல பல்லு பட்டுச்சு. ஊசி போட்டுக்கினு வந்திருக்காரு. அப்பவும் இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? 'பாவம், பயந்துட்டான்'னு சொல்றாரு."

"பயந்துதான்கா போயிருக்கான்."

"யாரு இல்லன்னா? ஆடிக்கிருத்திகைக்கு எங்க நாத்தனார் வூட்டு ஜனமெல்லாம் காவடி எடுத்துக்கினு இங்கதான் வந்து எறங்குவாங்க. இங்கருந்துதான் திருத்தணிக்குப் போவாங்க. கொழந்தைங்க வரும். ஒரு மாசம் இருக்குது. அதுக்குள்ள திருந்தினா இருக்கட்டும். இல்லன்னா அவன் இங்க வேணாம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மூன்று வீட்டில் நிலைக்காத நாயை நாலாவதாக யார் எடுப்பார்கள்? ஆயுசு முழுக்க என் கொட்டகையில் கம்பியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பாலசுந்தரம் அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் படுத்திருந்த மிச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யோசிக்கவேயில்லை. தறிச் சத்தம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். மிச்சரைப் புழக்கடைக்கு மாற்றி, சாக்கு விரித்து, தடுப்புக் கட்டச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து மறுபடி போன். சத்தம் கேட்காத புழக்கடையிலேயே நாலாவது தடவையாகப் பாய்ந்திருக்கிறான், அண்ணனின் லுங்கி கிழிந்துவிட்டது. ஒரு வாரம் தண்டம். என்னை நானே திட்டிக்கொண்டேன், சத்தமாகவே.

"நா சொன்னா நம்பமாட்ட. வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், பாத்துக்கோ" என்று அக்கா போனில் அனுப்பினாள். அவன் முன்பு கூடத்து வாசலில் பாய்ந்தபோது எடுத்தது. தறிச் சத்தம் காதைப் பிளந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அண்ணன் தலைக்கு மேல் கையைத் தூக்குகிறார். மிச்சர் பாய்கிறான். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கை மேலே போகிறது, நாய் பாய்கிறது.

தறி ஓடும் இடத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாமே கைஜாடைதான். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் 'இங்கே வா'. விரலைச் சுழற்றினால் நூல் அறுந்துவிட்டது. முப்பது வருடம் அப்படிப் பேசிய மனிதர் வீட்டுக்குள் வந்தாலும் கையைத் தூக்கித்தான் கூப்பிடுவார். மிச்சரையும் ஆசையாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். பிரம்படி வாங்கிய நாய்க்கு ஓங்கிய கைக்கு ஒரே அர்த்தம்தானே! இதை முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை? நானும் நகரித் தறிக்காரர் மகள். எங்கள் நைனாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அது என் கண்ணுக்கு ஓங்கிய கையாகவே தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணனின் முகம் விழுந்துவிட்டது.

"அய்யோ, நா அடிக்க வர்றேன்னு நெனச்சுக்கினானா? இனிமே கையே தூக்கமாட்டேன்மா."

மூன்று நாள் முயற்சி செய்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அக்காவைத் தண்ணீர் கேட்கவேண்டுமென்றால் வாய் திறப்பதற்குள் கை எழும்பிவிடும், உடனே மற்றக் கையால் அதைப் பிடித்து இழுப்பார். "இன்னாய்யா இது, கூத்தாடிக்கினு கீற!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடுங்கண்ணா, உங்க கை அடங்காது" என்றேன். "கை தூக்கினா நல்லதுதான் வரும்னு அவனுக்குச் சொல்லிக்கொடுத்துடலாம்."

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். அவன் விலகிப் போக இடம் விட்டு, எட்ட உட்கார்ந்து, கையை இடுப்பளவுக்கு மட்டும் உயர்த்துவது. உயர்த்திய உடனே அவன் முன்னால் ஒரு துண்டுத் தீனி விழவேண்டும். கை முதலில், தீனி அப்புறம். மாற்றிச் செய்தால் காரியம் கெட்டுவிடும். அவன் காது பின்னால் மடங்கினால் அன்றைக்கு அதற்கு மேல் தூக்கக் கூடாது.

வேகவைத்த ஈரல் கொண்டுபோயிருந்தேன். அக்கா பாத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அரே! கிருத்திகை வெரதம் இருக்கிற வூட்ல ஈரலா? எடுத்துக்கினு போ வெளிய!"

வாயை மூடிக்கொண்டு வெளியே எடுத்துப் போனேன். அன்றிலிருந்து நெய்யில் புரட்டிய இட்லித் துண்டுதான். மிச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் வாரம் இடுப்பு. இரண்டாவது வாரம் நெஞ்சு, அப்புறம் தோள். ஒருநாள் அண்ணன் அவசரப்பட்டுத் தலைக்கு மேல் தூக்கிவிட, மிச்சர் உறுமிக்கொண்டு பின்வாங்கினான். நான் கத்தவில்லை. மறுபடி இடுப்பிலிருந்து ஆரம்பித்தோம். கிருத்திகைக்கு ஐந்து நாள் முன்பு அண்ணன் கூடத்து வாசலில் நின்று கையை உச்சிக்குத் தூக்கினார். மிச்சர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். அந்த மனுஷன் அழுதுவிட்டார். நான் அவசரமாக ஒரு இட்லித் துண்டை எடுத்து மிச்சர் முன்னால் போட்டேன்.

அக்கா மட்டும் அசையவில்லை. "உங்க ரெண்டு பேர்கிட்ட ஒழுங்கா இருக்கிறான். ஊரு ஜனம் வந்தா?" என்றாள். அவள் ஒரு நாள்கூட அவனுக்குக் கையால் தீனி போட்டதில்லை.

ஆடிக்கிருத்திகை அன்று காலையிலேயே போய்விட்டேன். மிச்சரைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். கூட்டத்தில் பழக்கிப் பார்க்கும் நாள் அதுவல்ல. முன்வாசலில் மஞ்சள் துணி கட்டிய இருபது பேர் காவடியோடு கிளம்பத் தயாரானார்கள். யாரோ தண்ணீர்க் குடத்துக்காகப் பின்னறைக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அதே நேரம் பெரியவர் ஒருவர் குரல் கொடுக்க, இருபது பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி "அரோகரா!" என்று முழங்கினார்கள்.

அந்தக் கைகளுக்கு நடுவில் மிச்சர் வந்து நின்றான்.

அவனுக்குப் பக்கத்தில் நாத்தனார் பேத்தி, மூன்று வயது, அவளும் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் எட்டி நடப்பதற்குள் வரலட்சுமி அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "கொழந்த! கொழந்த!" என்று அலறியபடி, அவனை அடித்து விரட்டக் கையை ஓங்கினாள். அது ஜாடை இல்லை, நிஜமான அடி.

மிச்சர் திரும்பி அந்தக் கையைப் பார்த்தான். வாலை ஆட்டினான். நேராக அவளிடம் போய், காலடியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தான்.

அக்காவின் கை மேலேயே நின்றது.

"அடிக்க வந்தேன்டா நானு" என்றாள் அவனிடம். "எங்கிட்ட வந்து உக்காந்துக்கினியே."

அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான். அக்கா கண்ணைத் துடைக்கவில்லை, கையையும் இறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற பவ்யா? கை தூக்கிட்டேன் இல்ல? இட்லி எடுத்துக்கினு ஓடியா, சீக்கிரம்!"